இரவல் வாங்கிப் பார்த்த இதயம்

இதயத்தை ஒலியால் பார்க்கும் எக்கோ மெஷினின் விலையைக் கேட்டால், கேட்டவருக்கே ஒரு எக்கோ எடுக்க வேண்டி வரும். ஆனால் அந்தச் சீமானின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். மேனியில் ஒரு சாமான்கூடச் சொந்தம் கிடையாது. ஒலியெழுப்பும் படிகம், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் போனது. முதல் மெஷின், கப்பல் கட்டும் தளத்தில் கைமாற்றாக வாங்கியது. அடுத்தது, மூளை வைத்தியர்கள் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. மோட்டார், பல் தேய்க்கும் பிரஷ்ஷினுடையது. கணக்கு, ஒயின் பீப்பாயினுடையது. மூளையுள்ள மனிதர்கள் நூற்றறுபது வருஷமாக வௌவால், பனிப்பாறை, எதிரிக் கப்பல் என்று எதையெதையோ யோசித்தார்கள். ‘இதை வைத்து நெஞ்சுக்குள் துடிப்பதைப் பார்த்தால் என்ன’ என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

நெஞ்சைப் பற்றி யோசித்தவர்களே இல்லை என்று சொன்னால் பாவம் வந்து சேரும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் சத்திரம் வைத்திருந்தவரின் மகன் லியோபோல்ட் அவென்ப்ருக்கர். பீப்பாயில் ஒயின் எதுவரை இருக்கிறது என்று விரலால் தட்டிக் கண்டுபிடிக்கும் வித்தையைச் சின்ன வயதில் பார்த்தவர், டாக்டரானதும் நோயாளிகளின் நெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார் என்பார்கள். 1761-ல் அதைப் புத்தகமாகவே போட்டார். வியன்னாவின் பெரிய மனிதர்கள் அதைச் சீண்டவில்லை. மனிதர் துவண்டுவிடாமல், மொஸார்ட்டின் போட்டியாளர் என்று பேர் வாங்கிய சாலியேரிக்கு ஒரு ஓபரா எழுதிக் கொடுத்தார். கதாநாயகன் புகைபோக்கி துடைப்பவன். புத்தகம் வந்து 47 வருஷம் கழித்து, நெப்போலியனின் டாக்டர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்த பிறகுதான் நெஞ்சைத் தட்டுவது வைத்தியம் ஆனது. அடுத்த வருஷமே அவென்ப்ருக்கர் காலமாகிவிட்டார். அங்கீகாரத்துக்கு அவசரம் என்பதே கிடையாது.

1816-ல் பாரிஸில் லேனெக் என்ற டாக்டர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டி ஒரு முனையை அங்கே வைத்தார், மறுமுனையைக் காதில் வைத்தார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது. வெட்கத்தால் வைத்தியம் அடைந்த மிகப் பெரிய லாபம் அதுதான்.

தட்டியாயிற்று, கேட்டாயிற்று. உள்ளே போய்ப் பார்ப்பது எப்படி? 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற வாலிப டாக்டர், கை நரம்பு வழியாக ஒரு குழாயை இதயம் வரை தள்ளிப் பார்க்கலாமா என்று மேலதிகாரியைக் கேட்டார். கூடாது என்று பதில் வந்தது. கருவிகளின் சாவி ஒரு நர்ஸிடம் இருந்தது. ‘உனக்குத்தான் செய்யப் போகிறேன்’ என்று சொல்லி, அந்த அம்மாளை மேஜையில் கட்டிப் போட்டுவிட்டு, குழாயைத் தன் கையிலேயே நுழைத்துக்கொண்டார். 65 சென்டிமீட்டர். அப்படியே படியிறங்கிப் போய் எக்ஸ்ரேயும் எடுத்தார். குழாயின் நுனி இதயத்துக்குள் இருந்தது, அவர் பிழைப்பு அந்தரத்தில் இருந்தது. 1956-ல் நோபல் பரிசு வந்தபோது அவர் சிறுநீரகச் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்தார்.

நுழையாமல் பார்க்கும் வழி வௌவாலுக்குத் தெரிந்திருந்தது. இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி 1793-ல் இருட்டில் ஆந்தையையும் வௌவாலையும் பறக்கவிட்டார். மெழுகுவர்த்தி அணைந்ததும் ஆந்தை முட்டி மோதியது. வௌவால் ஹாயாகப் பறந்தது. கண்ணைக் குருடாக்கியும் பறந்தது. ஜெனீவாவில் ஜூரின் என்பவர் காதை அடைத்தார், தடுமாறி விழுந்தது. ஆக, வௌவால் காதால் பார்க்கிறது. சொன்னதும் சபை சிரித்தது. பெரிய விஞ்ஞானி குவியே, ‘எல்லாம் தொட்டுணர்ச்சிதான்’ என்று தீர்ப்புச் சொல்லிக் கோப்பை மூடிவிட்டார். அது திறக்க 1938 ஆனது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை வௌவால் எழுப்புகிறது, அதன் எதிரொலியைக் கேட்டு வழி தேடுகிறது என்று ஹார்வர்டில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர் நிரூபித்தார். மனிதக் காதின் எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வு. அதற்கு மேலே அல்ட்ராசவுண்ட். வௌவாலுக்கு வெறும் சவுண்ட்.

நடுவில் வேறு பக்கத்தில் வேறு ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1880-ல் பாரிஸில் ஜாக், பியர் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருகிறது என்று கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பது அடுத்த வருஷம் தெரிந்தது. இன்றைக்கும் நெஞ்சில் வைக்கும் எக்கோ ப்ரோபுக்குள் இருக்கும் தத்துவம் இதுதான்: படிகம் கத்தும், கத்திவிட்டு வாயை மூடிக் காதாக மாறும், திரும்பி வரும் எதிரொலியை மின்சாரமாக்கும். நம்மில் பலருக்குக் கத்தத் தெரியும், இரண்டாவது பாதி வராது.

1912-ல் டைட்டானிக் மூழ்கியது. உடனே எதிரொலியால் பனிப்பாறையைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஆளாளுக்குக் காப்புரிமை கேட்டார்கள். பிறகு முதல் உலகப்போர். ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேட, பியர் கியூரியின் மாணவர் பால் லாஞ்ஜுவான், குவார்ட்ஸ் படிகத்தை இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்துத் தண்ணீருக்குள் கத்தவிட்டார். குறுக்கே வந்த மீன்கள் செத்தன, கையை விட்டவருக்கு வலித்தது. கருவி பக்குவத்துக்கு வந்தபோது யுத்தம் முடிந்துவிட்டது. அடுத்து அது உலோகத்தில் விரிசல் தேடும் வேலைக்குப் போனது. கப்பலின் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று எதிரொலி பார்த்துச் சொல்லும். மாதச் சம்பளம், கௌரவமான வேலை.

வைத்தியத்துக்கு அதை முதலில் கூட்டிவந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் கார்ல் டுசிக். உடம்பில் எத்தனையோ மெத்தென்ற இடங்கள் இருக்க, அவர் தேர்ந்தெடுத்தது மண்டை. மூளைக்குள் இருக்கும் அறைகளைப் படம் பிடித்துவிட்டதாக 1942-ல் எழுதினார். பல வருஷம் கழித்துச் சரிபார்த்தவர்கள், அந்தப் படத்தில் தெரிந்தது பெரும்பாலும் மண்டை ஓட்டு எலும்பின் திருவிளையாடல் என்றார்கள்.

இப்போது காட்சி ஸ்வீடனின் லுண்ட் நகரம். அங்கே எட்லர் என்று ஓர் இதய டாக்டர் இருந்தார். அவருடைய தலைவலி, இதயத்துக்குள் இருக்கும் மைட்ரல் வால்வு. வால்வு சுருங்கிய நோயாளிக்கு ஆபரேஷன் செய்தால் பிழைப்பார், வால்வு ஒழுகுபவருக்குச் செய்தால் நிலைமை மோசமாகும். எது எது என்று நெஞ்சைத் திறக்குமுன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ராடார் வைத்துப் பார்க்க முடியுமா என்று பௌதிகம் படித்த ஓர் ஆளிடம் கேட்டார். அந்த ஆளின் பெயர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ்.

பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றிருப்பீர்கள், சரிதான். அலையை அளக்கும் அலகுக்கே பெயர் கொடுத்த ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் இவருக்குச் சின்னத் தாத்தா முறை. அப்பா குஸ்டாவ் 1925-ன் நோபல்காரர். பிள்ளை மட்டும் யுத்தத்துக்குப் போய், அமெரிக்கர்களிடம் பிடிபட்டு, கைதியாக இருந்துவிட்டு லுண்டுக்கு வந்து சேர்ந்தவர். ‘ராடார் வேலைக்கு ஆகாது, அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம்’ என்றார். குடும்பத் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை.

பக்கத்து ஊரான மால்மோவில் கோக்கும்ஸ் கப்பல் கட்டும் தளம். 1953 மே மாதம், ஒட்டுப் பார்க்கும் மெஷினை அங்கே இரவல் வாங்கி, ஹெர்ட்ஸ் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். எட்டு ஒன்பது சென்டிமீட்டர் ஆழத்தில் ஓர் எதிரொலி, துடிப்புக்கு ஏற்ப முன்னும் பின்னும் போய்வந்தது. கப்பல் இரும்பு துடிக்காது, ஆகவே இது இதயம். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பா ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்கூடத் தலைவராக இருந்த சீமென்ஸ் கம்பெனியில் சொல்லி, இன்னொரு மெஷினை இரவல் வாங்கினார்கள். 1953 அக்டோபர் 29 அன்று இதயச் சுவரின் அசைவை அதில் பதிவு செய்தார்கள். எக்கோ துறைக்கு அதுதான் பிறந்தநாள்.

தெரிந்தது படமல்ல. ஒரே ஒரு கோடாக ஒலி உள்ளே போகும். சதைக்குள் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து எது எவ்வளவு ஆழத்தில் என்று கணக்கு. காகிதத்தில் சில கோணல் கோடுகள், அவ்வளவுதான். அதிலும் பளிச்சென்று ஆடிய ஒரு கோட்டை இடது மேலறையின் சுவர் என்று நினைத்திருந்தார்கள். இறந்தவர்களின் உடலில் ஒலி போன பாதையைத் தொடர்ந்து பார்த்தபோதுதான், அது மைட்ரல் வால்வின் முன் இதழ் என்று தெரிந்தது. தேடிக்கொண்டிருந்த வால்வே இத்தனை நாள் கண்ணெதிரில் ஆடியிருக்கிறது.

ஹெர்ட்ஸுக்குக் கோடுகளை வேகமாகப் பதியவும் வழி வேண்டியிருந்தது. மையைப் பீய்ச்சி எழுதும் முறையில் இறங்கி, இங்க்ஜெட் அச்சின் முன்னோடிகளில் ஒருவராகிவிட்டார். எட்லர், ஹெர்ட்ஸ் இருவருக்கும் 1977-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. நோபல் கிடைக்கவில்லை, அப்பா வாங்கியதே போதும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 1963-ல் ஹார்வி ஃபைகன்பாம் என்ற இளம் டாக்டர், இதயத்துக்குள் குழாய் விடும் வேலையில் சலித்துப் போயிருந்தார். அல்ட்ராசவுண்டால் இதயத்தின் கொள்ளளவை அளப்போம் என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டில் அந்தக் கடையைத் தேடிப் போனார். விளம்பரம் விளம்பரமாகவே இருந்தது. ஆனாலும் ப்ரோபைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்ததில், இதயத்தின் பின்சுவர் அசைவது தெரிந்தது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால் இதில் தெரியுமே என்று பொறி தட்டியது. ஊர் திரும்பினார். ஆஸ்பத்திரியில் மூளை வைத்தியர்கள் வைத்திருந்த மெஷின் ஒன்று சும்மா இருந்தது. வழக்கம்போல இரவல். இதயத்தைச் சுற்றிய நீரை எதிரொலியால் கண்டுபிடிப்பது பற்றி 1965-ல் எழுதினார். முதல் பயிற்சி வகுப்பு 1968, முதல் பாடப்புத்தகம் 1972. எதற்கும் உதவாத ஒரு விளம்பரத்தால் இவ்வளவு நன்மை மறுபடி நடந்ததாகச் சரித்திரத்தில் இல்லை.

இனிமேல்தான் மாரடைப்பு உள்ளே வருகிறது. இடது கீழறைதான் உடம்பெல்லாம் ரத்தத்தைத் தள்ளும் அறை. அது எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிய வேண்டும். கையில் இருப்பதோ ஒற்றைக் கோடு. அறையின் குறுக்களவு மட்டும் கிடைக்கும். டாக்டர்கள் என்ன செய்தார்கள்? அறை முட்டை வடிவம் என்று வைத்துக்கொண்டார்கள். நீளம், அகலத்தைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டார்கள். கணக்கில் வந்த 1.05-ஐ 1 என்று வைத்துக்கொண்டார்கள். ஆக, குறுக்களவை மூன்று தடவை பெருக்கினால் கொள்ளளவு. 5 சென்டிமீட்டர் என்றால் 125 மில்லி. அளக்கும்போது கை கொஞ்சம் நகர்ந்து 5.5 ஆகிவிட்டால் 166 மில்லி. அரை சென்டிமீட்டரில் ஒரு நோயாளியின் தலையெழுத்தே மாறும்.

இதே கூத்து 1613-லேயே நடந்திருக்கிறது. கிரகங்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளர், முதல் மனைவி இறந்தபின், பதினோரு பெண்களை அலசி ஆராய்ந்து ஒருவரை இரண்டாம் தாரமாக்கிக்கொண்டார். வீட்டுக்குப் பீப்பாய் பீப்பாயாக ஒயின் வந்தது. வியாபாரி பீப்பாயின் ஓட்டை வழியாக ஒரு கோலைச் சாய்வாக விட்டு, எது வரை போகிறதோ அதை வைத்து விலை சொன்னான். ஒற்றைக் கோலில் முழு பீப்பாயையும் எப்படி அளப்பாய் என்று கெப்ளருக்குக் கோபம் வந்துவிட்டது. புது மாப்பிள்ளை செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார்: 1615-ல் பீப்பாய் அளவைக் கணிதத்துக்கு ஒரு புத்தகமே போட்டார். அதில் கண்டது, வியாபாரி ஏமாற்றவில்லை என்பதுதான். ஆஸ்திரியப் பீப்பாயின் வடிவத்துக்கு அந்தக் கோல் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. வடிவம் வேறானால் கோல் பொய் சொல்லும்.

இதயத்திலும் அதுவேதான். ஒழுங்கான வடிவமுள்ள இதயத்துக்கு ஒற்றைக் கோடு பரவாயில்லை. மாரடைப்பு வந்த இதயம் ஒழுங்கான பீப்பாய் அல்ல. கிளீவ்லாந்தில் டெனன்ட், விகர்ஸ் இருவரும் 1935-லேயே நாய்களில் செய்து காட்டியிருந்தார்கள். இதயத்தின் ரத்தக் குழாயைக் கட்டினால், அந்தக் குழாயை நம்பிய தசை மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுருங்குவதை நிறுத்துகிறது. மற்றதெல்லாம் உள்ளே சுருங்கும்போது இது வெளியே பிதுங்குகிறது. ஒரு ஷிஃப்ட் தொழிலாளிகள் மட்டும் வேலைநிறுத்தம் செய்ய, மற்றவர்கள் ஓவர்டைம் பார்க்கும் தொழிற்சாலை. ஒற்றைக் கோடு ஓவர்டைம் பார்க்கும் பக்கமாகப் போனால் ‘எல்லாம் பிரமாதம்’ என்னும், வேலைநிறுத்தத்தின் மேல் போனால் ‘கம்பெனி திவால்’ என்னும். டைக்ஹோல்ஸ் என்பவர் சூத்திரத்தைத் திருத்தினார். ஆனால், சுவர் சீராக அசையாத இதயத்தில் இந்தக் கணக்கை நம்ப முடியாது என்று 1976-ல் வெளியான அந்தக் கட்டுரையே எச்சரித்தது. சூத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

ஆக, முழு இதயமும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். ராட்டர்டாமில் கிளாஸ் பாம் 1971-ல் 20 படிகங்களை வரிசையாக அடுக்கினார். இண்டியானாவில் எக்கிள்டன் இன்னும் சிக்கனம். படிகத்தை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று எலெக்ட்ரிக் பல் பிரஷ்ஷின் உள்ளுறுப்பை எடுத்து மாட்டினார். இதயம் விசிறி வடிவத்தில் துடிக்கத் துடிக்கத் தெரிந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் தர்ஸ்டனும் வான் ராமும் படிகங்களை அசைக்காமலே, மின்சாரத்தை முன்பின்னாகக் கொடுத்து ஒலியைத் திருப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று ஆஸ்பத்திரியில் நெஞ்சில் உருளும் ப்ரோப் அந்த வம்சம். பல் பிரஷ் பாத்ரூமுக்குத் திரும்பிவிட்டது.

படம் வந்தபின் கணக்கும் திருந்தியது. இடது கீழறையை இரண்டு கோணத்தில் பார்த்து, 20 வட்டத் தகடுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் அளவையும் கூட்ட வேண்டும். டாக்டர்கள் இதற்கு வைத்த பெயர் சிம்ப்ஸன் முறை. சிம்ப்ஸன் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர், நெசவாளியின் மகன். அவர் பெயரில் ஓடும் அந்த விதி, நூறு வருஷத்துக்கு முன்பே கெப்ளரின் பீப்பாய்ப் புத்தகத்தில் இருக்கிறது. கணக்கையும் இரவல் வாங்கி, பெயரையும் தப்பாகப் போட்டாயிற்று.

ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளர் கதையும் இந்த ஜாதிதான். நட்சத்திரங்களின் நிறம் ஏன் மாறுகிறது என்று 1842-ல் பிராகாவில் எழுதினார் டாப்ளர். அதை நம்பாத டச்சுக்காரர் பைஸ் பாலட், 1845-ல் உட்ரெக்ட் ரயிலில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஊதவிட்டு, தண்டவாளத்தோரம் இசை ஞானமுள்ளவர்களை நிறுத்திச் சுருதி கேட்கச் சொன்னார். ரயில் நெருங்கும்போது சுருதி ஏறியது, விலகும்போது இறங்கியது. டாப்ளர் ஜெயித்தார். 1950-களில் ஒசாகாவில் சாட்டொமுரா அதையே இதயத்தின் மேல் திருப்பினார். கொம்புக்காரர்களுக்குப் பதில் ரத்தம்.

மிச்சமிருந்தது ஒரே சிக்கல். படுத்திருக்கும் மனிதனின் இதயத்துக்கு வேலை குறைவு. குழாயில் அடைப்பு இருந்தாலும், கிடைக்கும் ரத்தத்தில் குடும்பம் நடத்திவிடும். ஆகவே ஆளை ஓடவிட்டோ சைக்கிள் மிதிக்கவிட்டோ பார்க்க வேண்டும். இண்டியானா குழு 1979-ல் அந்த முறையைப் பற்றி எழுதியது. ஓட முடியாதவர்களுக்கு டோபுடமின் மருந்தை நரம்பில் ஏற்றினால், படுத்தபடியே இதயம் மட்டும் ஓடும். ரத்தம் பற்றாத இடத்துச் சுவர் அப்போது சோர்ந்துவிடும். முதலில் சுவர் அசைவு குறையும், பிறகு ஈ.சி.ஜி. மாறும், கடைசியில்தான் வலி. நாம் நம்பிக்கொண்டிருக்கும் நெஞ்சுவலி, கச்சேரி முடிந்தபின் வரும் விருந்தாளி. அதே மருந்தைக் குறைவாகக் கொடுத்து, செத்தது என்று நினைத்த தசை கொஞ்சம் அசைகிறதா என்றும் பார்க்கலாம். அசைந்தால் அது உறங்குகிறது, ரத்தம் கிடைத்தால் எழுந்துவிட வாய்ப்புண்டு.

இத்தனை பேர் இத்தனை பாடுபட்டு நம் கையில் கொடுத்தது ஒரு காகிதம். அதை வாங்கியதும் நாம் கேட்கும் முதல் கேள்வி: ‘பம்பிங் எவ்வளவு?’ 60 என்று வந்தால், ‘ஐயோ, 40 போச்சே’ என்று வீடே அழும். இது பரீட்சை மார்க் அல்ல. நிரம்பிய அறையில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்கிற கணக்கு. ஆரோக்கியமான எந்த இதயமும் அறையைத் துடைத்துக் காலி செய்வதில்லை. ஆண்களுக்கு 52 முதல் 72, பெண்களுக்கு 54 முதல் 74 இயல்பு. 60 எடுத்தவர் பாஸ் மட்டுமல்ல, முதல் பெஞ்ச். 100 வந்தால்தான் மெஷினைச் சந்தேகிக்க வேண்டும்.

மாரடைப்புச் சங்கதியில் அந்த எண்ணைவிட முக்கியமான வரி ஒன்று கீழே இருக்கும்: ‘ரீஜனல் வால் மோஷன்’. இதயச் சுவரை 16 அல்லது 17 துண்டாகப் பிரித்து, எது நன்றாகச் சுருங்குகிறது, எது சோம்பல், எது அசைவில்லை, எது எதிர்த்திசையில் போகிறது என்று டாக்டர் கண்ணால் பார்த்து எழுதியது. எந்தச் சுவர் படுத்திருக்கிறது என்று தெரிந்தால், எந்தக் குழாய் அடைத்திருக்கும் என்று ஏறக்குறைய ஊகிக்கலாம். அடுத்த தடவை அந்த வரி எங்கே என்று டாக்டரைக் கேளுங்கள். அதிலும் எல்லாம் சரி என்றே இருந்தாலும், அது ஓய்வாகப் படுத்திருந்த இதயத்துக்குக் கொடுத்த சான்றிதழ்தான். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்றால், நல்ல ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.